எச்சிலில் பிறந்த சாயல்: 'ஸ்பிட்டிங் இமேஜ்' என்ற தொடரின் பூர்வீகம்

'ஸ்பிட்டிங் இமேஜ்' என்பது ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் ஒரு மரபுத்தொடர். மகன் தகப்பனைப் போலவே இருந்தாலும், பேத்தி பாட்டியைப் போலவே இருந்தாலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தத் தொடரைச் சொல்வார்கள். நாம் 'அப்பனை உரிச்சு வச்சிருக்கான்' என்கிறோம். 'அச்சு அசல் பாட்டிதான்' என்கிறோம். நமக்குப் பக்கத்து வீட்டு ஹிந்திக்காரர் 'ஹூபஹூ' என்பார், 'பாப் பர் கயா ஹை' என்பார். இவற்றோடு சேர்த்து வைக்கத்தக்கதுதான் இந்த ஆங்கிலத் தொடரும். ஆனால் சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் திகைப்பாக இருக்கும். 'ஸ்பிட்' என்றால் துப்புதல். 'இமேஜ்' என்றால் உருவம். துப்புகிற உருவம்! குழந்தை தாத்தா சாயலில் பிறப்பதற்கும் துப்புவதற்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளைகளே கேட்கிறார்கள். மும்பையில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள், வீட்டில் பெரியவர்கள் பதில் சொல்லாவிட்டால் எங்கேயாவது கிடைக்கிற பதிலை எடுத்துக்கொள்வார்கள். அப்படிக் கிடைக்கிற பதில்களில் பெரும்பாலானவை கேட்க அழகானவை, ஆதாரம் இல்லாதவை. நான் பாத்திர வியாபாரி. கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். ஃபவுண்டன் நடைபாதையில் வாங்கிய பழைய அகராதிகளும், கடை மூடிய பிறகு கிடைத்த இரவுகளுமே என் படிப்பு. ஆனாலும் சரக்குக்குப் பில் கேட்கிற பழக்கம் நாற்பது வருஷமாக உண்டு. சொல்லுக்கும் பில் கேட்கலாம் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

நான்கு கதைகள்

இந்தத் தொடர் பிறந்த விதத்துக்கு முக்கியமாக நான்கு கதைகள் சொல்கிறார்கள்.

முதல் கதை: இது 'ஸ்பிரிட் அண்ட் இமேஜ்' என்பதன் சிதைவு. ஸ்பிரிட் என்றால் ஆன்மா. பிள்ளைக்குத் தகப்பனின் ஆன்மாவும் உருவமும் வந்து சேர்ந்தன என்று பொருள். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ரகர ஒலியைத் தேய்த்துப் பேசுவதால் ஸ்பிரிட் என்பது ஸ்பிட் ஆகிவிட்டதாம்.

இரண்டாம் கதை: இது 'ஸ்ப்ளிட்டிங் இமேஜ்' என்பதன் திரிபு. ஸ்ப்ளிட் என்றால் பிளத்தல். ஒரு மரத்தை நடுவே பிளந்தால் இரண்டு பாதியிலும் ரேகைகள் கண்ணாடியில் பார்த்தது போல ஒத்திருக்கும். அதுபோல ஒத்த உருவம் என்பது கருத்து. டாரதி ஹார்ட்லி என்ற ஆங்கிலேய அம்மையார் 1939இல் வெளியிட்ட 'மேட் இன் இங்கிலாந்து' என்ற கைத்தொழில் நூலிலும் இந்த விளக்கம் இருக்கிறது.

மூன்றாம் கதை: இது பில்லி சூனியத்திலிருந்து வந்தது. ஒருவருடைய எச்சிலை எடுத்து, அவரைப் போல ஒரு பொம்மை செய்து வைத்தால் அது அவராகவே ஆகிவிடும் என்ற நம்பிக்கை. எச்சிலும் உருவமும் சேர்ந்தால் ஆள் முழுமை என்கிறது இக்கதை.

நான்காவது, கதை என்று சொல்ல முடியாத அளவுக்குச் சாதாரணமானது. தகப்பன் வாயிலிருந்து துப்பியது போலப் பிள்ளை இருக்கிறது. அவ்வளவுதான்.

நான் அநேகாந்தம் பேசுகிற சமணக் குடும்பத்தில் பிறந்தவன். எந்தப் பொருளையும் பல பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்த பாடம். அதனால் நான்கையும் பொறுமையாகக் கேட்போம். ஆனால் நான்கு பேர் சொல்வதையும் கேட்டாகிவிட்டது என்பதற்காக நான்கும் சமம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

நாள்வழி என்ன சொல்கிறது?

ஆங்கிலத்துக்கு அப்படி ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டு, எந்த நூலில், எந்தப் பொருளில் எழுதப்பட்டது என்பதைத் தேதி வரிசையில் காட்டுவது அதன் தனிச்சிறப்பு. 1879இல் அதன் ஆசிரியர் பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே பதினான்கு வயதோடு பள்ளிப்படிப்பை நிறுத்தியவர் என்பதை எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் கர்வத்தோடு நினைத்துக்கொள்கிறோம். அவர் தோட்டத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, ஊர் ஊராக இருந்த வாசகர்கள் எழுதியனுப்பிய துண்டுச் சீட்டுகளை அடுக்கி வைத்து வேலை செய்தார். 1884இல் முதல் பகுதி வந்தது. 1915இல் மர்ரே காலமானார். 1928இல்தான் அகராதி முழுமை பெற்றது.

அந்த முறையில் தேதி வரிசைப்படி பார்ப்போம். 1602இல் நிக்கலஸ் பிரெட்டன் என்ற எழுத்தாளர் இரண்டு பெண்களைக் கேலியாக வர்ணிக்கிறார். ஒருத்தி ஆந்தையைப் போலவும் இன்னொருத்தி முள்ளம்பன்றியைப் போலவும் இருக்கிறார்களாம், அவற்றின் வாயிலிருந்தே துப்பியது மாதிரி. 1698இல் மேடையேறிய 'லவ் அண்ட் எ பாட்டில்' நாடகத்தில், ஜார்ஜ் ஃபார்குவர் ஒரு குழந்தையை அதன் தகப்பன் வாயிலிருந்து துப்பியது போல இருப்பதாகப் பேச வைக்கிறார். 1825 வாக்கில் 'நியூகேட் காலண்டர்' என்ற குற்றவாளிகள் வரலாற்றுத் தொகுப்பில், ஒரு மகள் தகப்பனின் 'ஸ்பிட்'டாகவே இருக்கிறாள் என்று வருகிறது. அதாவது துப்புதல் என்ற வினை போய், துப்பியது என்ற பெயர்ச்சொல்லே 'சாயல்' என்று பொருள்படத் தொடங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'ஸ்பிட் அண்ட் இமேஜ்', 'ஸ்பிட்டன் இமேஜ்' என்ற இரண்டு வடிவங்களும் எழுத்தில் வருகின்றன. 1901இல் வெளிவந்த 'மிஸஸ் விக்ஸ் ஆஃப் தி கேபேஜ் பேட்ச்' என்ற அமெரிக்க நாவலில் நாம் இன்று கேட்கிற 'ஸ்பிட்டிங் இமேஜ்' வந்துவிடுகிறது.

'ஸ்பிட்டன்' என்பது 'துப்பப்பட்ட' என்று பொருள்படும் பழைய வட்டார வழக்கு. அது பழக்கம் இல்லாத காதுக்கு 'ஸ்பிட்டிங்' என்று விழுந்திருக்கலாம். அல்லது 'ஸ்பிட் அண்ட்' என்பதை வேகமாகச் சொல்லும்போது 'ஸ்பிட்டின்' ஆகி, பிறகு படித்தவர்கள் அதைத் 'திருத்தி' ஸ்பிட்டிங் என்று எழுதியிருக்கலாம். எந்த வழியில் வந்தாலும் எச்சில் மட்டும் நடுவில் அப்படியே இருக்கிறது.

இப்போது மற்ற மூன்று கதைகளையும் இந்த நாள்வழியில் ஒத்துப் பாருங்கள். துப்பியது போல என்ற உவமை 1602லேயே இங்கிலாந்தில் அச்சில் இருக்கிறது. அந்தத் தேதியில் அமெரிக்காவில் ஆங்கிலேயர்களுக்கு நிலையான குடியேற்றமே கிடையாது; ஜேம்ஸ்டவுன் 1607இல்தான் வந்தது. பிறகு தென்மாநிலத்துக்காரர் உச்சரிப்பில் ஸ்பிரிட் தேய்ந்து ஸ்பிட் ஆன கதை எப்படி நிற்கும்? மரம் பிளக்கிற கதைக்கும் அதே கதி. பிளக்கிற சொல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பொம்மைக் கதைக்கோ 'உருவம்' என்ற சொல் ஆரம்பத்திலிருந்தே வேண்டும். ஆனால் பழைய பதிவுகளில் வாயும் எச்சிலும்தான் இருக்கின்றன. உருவம் என்ற சொல் இருநூறு வருஷத்துக்குப் பிறகு சேர்கிறது. அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால் மாடி கட்ட முடியாது அல்லவா?

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஹார்ன் 2004இல் 'அமெரிக்கன் ஸ்பீச்' என்ற ஆய்விதழில் இந்தத் தொடரைப் பற்றி விரிவாக எழுதினார். எச்சில் என்பது இங்கே தகப்பனின் வித்துக்கு இடக்கரடக்கலாக நிற்கிறது என்பது அவர் கருத்து. குடும்ப மலர் என்பதால் அதை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். சாயல் எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்தால் அவர் சொல்வதில் நியாயம் இருப்பது தெரியும்.

ஜவுளிக்கடைக்காரரும் வக்கீலும்

இந்த உவமை ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமா? இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'தூ கிராஷே' என்பார்கள், 'அப்படியே துப்பியது' என்று பொருள். இத்தாலியர்கள் 'ஸ்புதாதோ' என்பார்கள், அதுவும் 'துப்பப்பட்ட' என்பதே. நார்வேக்காரர்கள் ஒரு படி மேலே போய், தகப்பன் மூக்கிலிருந்து சிந்தியது போல என்கிறார்கள். துருக்கியர்களுக்கும் பிள்ளை தகப்பன் மூக்கிலிருந்துதான் விழுகிறது.

பிரெஞ்சில் இதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, 'மெத்ர் பாத்தலன்' என்ற வக்கீலைப் பற்றிய கேலி நாடகம். வியாபாரிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. பாத்தலன் என்ற வக்கீலுக்குக் கட்சிக்காரர்களும் இல்லை, காசும் இல்லை, உடுத்தத் துணியும் இல்லை. ஒரு ஜவுளிக்கடைக்குப் போகிறான். விலை கேட்பதற்கு முன்னால் கடைக்காரருடைய காலஞ்சென்ற தகப்பனாரைப் புகழ ஆரம்பிக்கிறான். எப்பேர்ப்பட்ட மனுஷர், எவ்வளவு நாணயஸ்தர் என்கிறான். பிறகு, நீங்கள் அவரேதான், உங்கள் இரண்டு பேரையும் சுவரில் துப்பி வைத்தால் வித்தியாசமே தெரியாது என்கிற மாதிரி ஒரு போடு போடுகிறான். கடைக்காரர் உருகிப் போகிறார். ஆறு 'ஓன்' துணி, இன்றைய அளவில் ஏறக்குறைய 7 மீட்டர், கடனாகப் போய்விடுகிறது. பணத்துக்கு வீட்டுக்கு வாருங்கள், வாத்துக்கறி விருந்தும் உண்டு என்று சொல்லிவிட்டு வக்கீல் துணியோடு நடையைக் கட்டுகிறான். கடைக்காரர் போய்க் கேட்டால், அவர் பல வாரமாகப் படுத்த படுக்கை ஆயிற்றே, எப்படித் துணி வாங்கியிருப்பார் என்று மனைவி சாதிக்கிறாள். உள்ளேயிருந்து வக்கீல் ஜுரத்தில் பிதற்றுவது போல நடிக்கிறான். பணம் வரவே இல்லை.

பிறகு வேறொரு வழக்கில், தன் ஆடுகளைத் திருடிய இடையன்மேல் வழக்குப் போட்டுக் கடைக்காரர் நீதிமன்றத்துக்கு வருகிறார். எதிர்த்தரப்பில் அதே வக்கீல் நிற்கிறான். ஆட்டைப் பற்றிப் பேச வந்தவர் துணியைப் பற்றியும் சேர்த்துக் குழப்புகிறார். நீதிபதி ஆட்டுக்கு வா, ஆட்டுக்கு வா என்று அதட்டுகிறார். பேச்சு வழி தவறினால் 'நம் ஆடுகளுக்குத் திரும்புவோம்' என்று பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சொல்வது இந்த நாடகத்திலிருந்து வந்ததுதான். நாமும் நம் ஆட்டுக்குத் திரும்புவோம்.

இந்தக் கதையில் எனக்குப் படுவது இரண்டு. ஒன்று, எச்சில் உவமை அந்தக் காலத்து ஜனங்களுக்கு அருவருப்பாக இல்லை. கடைக்காரரின் செத்துப்போன தகப்பனைப் புகழுகிற இடத்திலேயே அது வருகிறது. இரண்டு, சாயலைப் பற்றிய பேச்சு மனுஷனை மயக்கிவிடும். நீ உன் அப்பா மாதிரியே இருக்கிறாய் என்றால் யாருக்குத்தான் கணக்குப் பார்க்கத் தோன்றும்?

எச்சிலுக்கு ஏன் வெட்கம்?

பின்னால் வந்த தலைமுறைகளுக்கு எச்சில் அருவருப்பாகிவிட்டது. அப்போதுதான் ஆன்மாவும் மரரேகையும் வந்து புகுந்தன. இது என் ஊகம் மட்டும் இல்லை. போர்ச்சுகீசிய மொழியில் இதே நாடகம் தனியாக நடந்திருக்கிறது. அங்கே சாயலுக்குச் சொல்லும் தொடர் 'குஷ்பீது இ எஷ்கர்ராது'. துப்பியது, காறியது என்று நேர்ப்பொருள். இதைக் கேட்டுக் கூசியவர்கள், இது உண்மையில் 'எஷ்குல்பீது ஏம் கர்ராரா' என்பதன் கொச்சை என்று சொல்லத் தொடங்கினார்கள். அதாவது கர்ராரா பளிங்கில் செதுக்கியது போல என்று பொருள். கர்ராரா இத்தாலியில் உள்ள புகழ்பெற்ற பளிங்குச் சுரங்க ஊர். எச்சில் பளிங்காகிவிட்டது! ஆங்கிலத்தில் எச்சில் ஆன்மாவாகிவிட்டது. இரண்டு நாட்டிலும் மனித மனம் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது. தாழ்ந்ததாகத் தோன்றிய பிறப்பை மறைத்து, உயர்ந்த குலத்தில் பிறந்ததாக ஒரு வம்சாவளி எழுதிக் கொடுத்துவிட்டது.

புதுப்பணக்காரர் வீட்டில் திடீரென்று ராஜவம்சப் படம் மாட்டுவதைப் பார்த்திருக்கிறோமே, அதே கதைதான்.

முகச்சாயலும் உறவும்

இதையெல்லாம் தமிழ்ச் சங்க மலரில் ஏன் எழுதுகிறேன் என்று சில அன்பர்கள் நினைக்கலாம். காரணம் உண்டு. வெளிமாநிலத் தமிழர்களாகிய நமக்கு மொழிப்பற்று அதிகம். ஊரை விட்டு வந்தவனுக்கு ஊர் மேல் ஆசை அதிகம் இருப்பது இயற்கை. அந்தப் பற்றில், ஆங்கிலச் சொல் ஒன்று தமிழ்ச் சொல் போல ஒலித்தாலே அது தமிழிலிருந்து போனது என்று எழுதிவிடுகிறோம். 'ஸ்பிட்' என்ற இந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 'துப்பு' என்பதோடு ஒத்து வருகிறதே, எனவே தமிழ்தான் மூலம் என்று ஒருவர் மேடையில் பேசிக் கைதட்டலும் வாங்கலாம்.

யோசித்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஸ்பிட், லத்தீனில் ஸ்புவோ, கிரேக்கத்தில் ப்டியோ, ஹிந்தியில் தூக், தமிழில் துப்பு. எல்லாமே ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரிதான் தெரியும். ஆனால் துப்பும்போது எந்த தேசத்து வாயும் ஒரே சத்தத்தைத்தான் எழுப்பும். உதடும் நாக்கும் எழுப்புகிற அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆளுக்கொரு சொல் செய்துகொண்டார்கள். ஆகவே ஒலிக்குறிப்பில் பிறந்த சொற்களை வைத்துக்கொண்டு மொழி உறவு பேசக் கூடாது என்பது மொழிநூலார் விதி.

இன்னொரு உதாரணம். ஹிந்தியில் பத்நாம், பத்மாஷ் என்ற சொற்களில் வரும் 'பத்' பாரசீகச் சொல். கெட்ட என்று பொருள். ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்ட. ஒலியும் பொருளும் அப்படியே ஒட்டுகின்றன. இரண்டுக்கும் உறவு கிடையாது, தற்செயல். மாறாக, ஆங்கில 'வீல்' என்ற சொல்லும் வடமொழிச் 'சக்கர' என்ற சொல்லும் முகத்தில் ஒரு ஒற்றுமையும் இல்லாதவை. ஆனால் அவை ஒரே இந்தோ ஐரோப்பிய வேரில் கிளைத்தவை என்பதை மொழிநூலார் ஒலிமாற்ற விதிகளைக் கொண்டு நிறுவியிருக்கிறார்கள். ஒட்டிப் பிறந்தது போலத் தெரிகிறவர் அந்நியர். ஜாடையே இல்லாதவர் பங்காளி.

'ஒன்' என்பது 'ஒன்று' என்பதிலிருந்து வந்தது என்ற பேச்சையும் இப்படியே சோதிக்கலாம். ஆங்கில 'ஒன்' பழைய ஆங்கிலத்தில் 'ஆன்'. பழைய லத்தீனில் 'ஒய்னோஸ்'. ஜெர்மனில் 'ஐன்'. பின்னால் போகப் போகத் தமிழின் 'ஒன்று' என்பதைவிட்டு அது விலகித்தான் போகிறது. உண்மையான உறவாக இருந்தால் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும். இன்றைய ஒற்றுமை இன்றைய ஒற்றுமைதான்.

அப்படியென்றால் ஆங்கிலத்துக்குத் தமிழ் ஒன்றுமே கொடுக்கவில்லையா? தாராளமாகக் கொடுத்திருக்கிறது, பில்லோடு கொடுத்திருக்கிறது. கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று. வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697இல் வெளியிட்ட கடற்பயண நூலில் சோழமண்டலக் கரையோடு சேர்த்து அதைக் குறிப்பிடுகிறார். சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற பெயரில் வெள்ளைக்காரர் சாப்பாட்டு மேஜையில் ஏறியது. 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இவற்றுக்கெல்லாம் சான்றுகள் இருக்கின்றன. எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு போனது என்று கணக்கு இருக்கும்போது, கணக்கில் இல்லாத சரக்கையும் சேர்த்துச் சொன்னால் நம் நல்ல சரக்கின் மேலேயே சந்தேகம் வரும். நாணயம் போனால் கடை நடத்த முடியாது. மொழிக்கும் அதே நியாயம்தான்.

நம் தொடர்களுக்கும் பில் கேட்போம்

நாம் சொல்கிற 'அச்சு அசல்' என்பதில் வரும் அசல் அரபுச் சொல். வேர், மூலம் என்று அதற்குப் பொருள். பாரசீகம், உருது வழியாக வந்து நம் பேரேட்டில் ஏறிவிட்டது. அசலும் வட்டியும் என்று கணக்கெழுதுகிற எந்த வியாபாரியும் அதை அந்நியமாக நினைப்பதில்லை. பேரன் தாத்தாவுக்கு அச்சு அசல் என்று சொல்லும்போது அரபு தேசத்துச் சொல்லைக் கொண்டு தமிழ்க் குடும்பத்து உறவைச் சொல்கிறோம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆங்கிலேயர் தங்கள் எச்சிலுக்கு வெட்கப்பட்டது போல நாம் நம் அசலுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

தமிழில் அகராதிக் கலை புதிதல்ல. சூடாமணி நிகண்டு செய்த மண்டல புருடர் எங்கள் சமணர். அந்த நிகண்டுகள் ஒரு பொருளுக்குப் பல சொல், ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்று அடுக்கித் தந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. மேற்கோள் நூல்களையும் காட்டியது. ஆனால் ஒரு சொல் முதலில் எழுதப்பட்ட ஆண்டு தொடங்கி வரிசையாகக் காட்டுவது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. பேச்சுவழக்குத் தொடர்களுக்கு அந்த வேலை இன்னும் நிறைய பாக்கி.

அதில் நம் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மர்ரேயின் வாசகர்கள் செய்தது போல நாமும் சீட்டு எழுதலாம். வீட்டில் பெரியவர்கள் சாயலைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? 'உரிச்சு வச்சாப்பல' என்கிறார்களா, 'அப்படியே அப்பன் ஜாடை' என்கிறார்களா, 'நூலைப் போல சேலை' என்கிறார்களா, வேறு ஏதாவது சொல்கிறார்களா? சொன்னவர் வயது, சொந்த ஊர், எழுதிய தேதி ஆகியவற்றோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். பழைய கடிதம், கல்யாணப் பத்திரிகை, கணக்கு நோட்டு எதிலாவது அந்தத் தொடர் இருந்தால் அந்தத் தேதியையும் சேருங்கள். பிள்ளைகளை எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி மட்டும் விடுபடக் கூடாது.